கொடைக்கானல் வீட்டுக்கு முன், ஒத்திவைத்த சம்பளத்தின் தேதி

அமெரிக்க கம்பெனியில் உயர்பதவியில் இருக்கும் ஒரு தமிழர் 2028இல் திரும்பி வந்து கொடைக்கானலில் குடியேறப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வில்பட்டிப் பக்கம் வீடும் பார்த்தாயிற்று. போனஸில் ஒரு பகுதியை ‘டிஃபர்டு காம்பன்சேஷன்’ திட்டத்தில் ஒத்திவைக்கிறார். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே, அந்தப் பணம் எந்த மாதம் கைக்கு வர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் திட்ட ஆவணத்தை வாங்கிப் படியுங்கள். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பைப் போல இது உங்கள் பெயரில் தனியாக ஒதுக்கிய பணம் அல்ல, கம்பெனி உங்களுக்குத் தர வேண்டிய கடன். கம்பெனி திவாலானால் பாக்கி வர வேண்டியவர்களின் வரிசையில் நீங்களும் நிற்க வேண்டியதுதான். 2001இல் என்ரான் கம்பெனி விழும் நேரத்தில் அதன் அதிகாரிகள் சிலர் இந்தப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டார்கள். அதன் எதிரொலியாக 2004இல் அமெரிக்க வரிச் சட்டத்தில் 409ஏ பிரிவு வந்தது. 2027இன் சம்பளத்தை ஒத்திவைக்கப் பொதுவாக 2026 டிசம்பர் 31க்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பணம் வரும் தேதியையும் சேர்த்து. பிறகு அதை முன்னுக்கு இழுக்க முடியாது. தள்ளிப்போடுவதென்றால் 12 மாதம் முன்பே சொல்லி, குறைந்தது 5 ஆண்டு தள்ள வேண்டும். மீறினால் வழக்கமான வரிக்கு மேல் 20 சதவீதமும் வட்டியும்.

அடுத்து விமான டிக்கெட். ஏப்ரல், மே சீசனில் வந்து இறங்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அக்டோபர் முதல் வாரம் கழித்து, வடகிழக்கு மழையில் வந்தால், நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் இந்தியாவில் 182 நாள் சேராது. முந்தைய ஆண்டுகளில் விடுமுறைக்கு மட்டும் வந்துபோனவர் அந்த ஆண்டுக்கு வெளிநாட்டுவாசியாகவே இருப்பார். பத்தாண்டுக்கு மேல் வெளியே இருந்தவருக்கு அதன்பின் இரண்டு ஆண்டு ‘ஆர்.என்.ஓ.ஆர்.’ (குடியிருந்தும் வழக்கமான குடியிருப்பாளர் அல்லாதவர்) தகுதியும் உண்டு. அமெரிக்காவில் உழைத்துச் சம்பாதித்ததற்கு இந்த மூன்று ஆண்டுகளிலும் இந்தியாவில் வரி இல்லை. 2028 அக்டோபர் நடுவில் வருபவர் 2029, 2030, 2031 ஜனவரி என மூன்று தவணை கேட்டால், மூன்றும் இந்த ஜன்னலுக்குள் அடங்கும். அமெரிக்க வரியும் மூன்று ஆண்டுகளில் பிரியும். ‘வேலையை விட்டதும்’ என்று எழுதாமல் தேதியைக் குறிப்பிட்டே கேளுங்கள். பங்குச்சந்தையில் உள்ள கம்பெனியின் முக்கிய அதிகாரிகள், வேலையை விட்டதற்காக வரும் பணத்துக்கு 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

பணம் முதலில் அமெரிக்க வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். நேராகக் கொடைக்கானல் கிளைக்கு வரவழைத்தால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று இங்கே வரி கேட்பார்கள்.

கலிஃபோர்னியாக்காரர்களுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. பத்தாண்டோ அதற்கு மேலோ, ஏறக்குறையச் சமமான தவணைகளாக வாங்கினால், குடிபெயர்ந்தவரிடம் பழைய மாநிலம் வரி வாங்க முடியாது. ஆனால் நான்காம் தவணை முதல் இந்திய வரி தொடங்கிவிடும். அமெரிக்க மத்திய வரிக்குக் கழிவு கிடைக்கும் என்றாலும், ஆண்டு வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். என் கணிப்பில், கம்பெனியை நம்பிப் பத்தாண்டு காத்திருப்பதைவிட மூன்று தவணையே மேல். உங்கள் தொகையை வைத்து அங்குள்ள சி.பி.ஏ.விடமும் இங்குள்ள ஆடிட்டரிடமும் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஜன்னல் மூடிய பிறகும் பாக்கி இருந்தால், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டுங்கள். விட்டுப்போனால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு.