டிராக்டர் என்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறதா?

மானாவாரிக் கரிசல் நிலத்தில் மழை பெய்து ஓய்ந்த பின் உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். முந்தினால் மண் கொழுவில் ஒட்டும். பிந்தினால் பாறையாக இறுகும். அந்தச் சில நாட்களில்தான் ஆண்டு முழுவதும் கொட்டகையில் நின்ற டிராக்டர் திக்கத் தொடங்குகிறது. விவசாயி பதறிப்போய் மெக்கானிக்கை அழைக்கிறார். அவரும் அவசரத்தில் டீசல் பம்பைக் கழற்றி நகருக்கு எடுத்துச் செல்கிறார். பம்பு திரும்பி வருவதற்குள் பதம் போய்விடுகிறது. கடைசியில் குற்றம் பம்பில் இல்லை, டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருந்தது எனத் தெரிய வருவதும் உண்டு.

இலை மஞ்சளானால் உடனே யூரியாவை வீசுவது சரியல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனி இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு. எந்த இலை என்று பார்த்த பின்னரே மருந்து. என்ஜினிலும் அப்படியே, எந்த சிலிண்டர் என்று பார்த்த பின்னரே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இங்குக் கூறப்படுபவை, பல ஆண்டு உழைத்த மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர்களுக்குப் பொருந்தும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் வந்தபின், அவற்றில் காமன் ரெயில் எனப்படும் மின்னணு டீசல் அமைப்பு பரவலாக வந்துள்ளது. அதில் டீசலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கும் மேல். அத்தகைய என்ஜினில் குழாய் நட்டு எதையும் தளர்த்தவே கூடாது.

டீசல் என்ஜினில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16இல் ஒரு பங்காக நெருக்குகிறது. அதனால் காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் இன்ஜெக்டர் டீசலைப் பனி போல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே ஒரு சிலிண்டர் வேலை செய்ய மூன்று தேவை: போதிய நெருக்கம், உரிய அளவு டீசல், அதைச் சரியாகத் தூவும் நாசில். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்த சிலிண்டர் எரியாமல் விடும். இதையே 'மிஸ்' அடிக்கிறது என்கிறோம்.

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். டிராக்டரை நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, என்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓட விடவும். நிமிடத்துக்கு 750 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரும் 375 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் சத்தத்தில் ஒரே சீரான நொண்டல் கேட்கும். மூன்று காலில் ஓடும் மாடு போல. சைலன்சர் வாயில் தகர மூடி இருந்தால் அது ஆடும் விதத்திலும் தெரியும். நொண்டல் சீராக இன்றி, சற்று நேரம் நன்றாக ஓடிப் பின் திடீரெனத் திக்கினால், குற்றம் ஒரு சிலிண்டரில் அல்ல, எல்லாவற்றுக்கும் பொதுவான டீசல் வழியில் இருக்கிறது என்று கொள்ளலாம். வேகம் தானே ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் டீசலில் காற்றோ, கவர்னரில் பிடிப்போ காரணமாக இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது.

சீரான நொண்டல் என்றால் எந்த சிலிண்டர் என்று காண எளிய வழி ஒன்று உண்டு. காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்துக்குள் புகை வெளியேறும் மேனிபோல்டின் மூன்று கிளைகளிலும் விரலால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பாருங்கள். எரியும் சிலிண்டரின் கிளையில் நீர் சுர்ரென்று ஆவியாகும். எரியாததில் நீர் அப்படியே வழியும். நன்கு சூடேறிய மேனிபோல்டில் நீரைக் கொட்டிவிடாதீர்கள், வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

இரண்டாவது முறை மெக்கானிக்குகள் செய்வது. பழைய அம்பாசிடர் காரில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்களே, அதே தத்துவந்தான். குறைந்த வேகத்தில் ஓடும்போது, இன்ஜெக்டர் தலையில் சேரும் டீசல் குழாயின் நட்டை, பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அரைச் சுற்று மட்டும் தளர்த்தவும். அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் உடனே தடுமாறும். தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லையெனில், ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் அதுவே. நட்டை இறுக்கிய பின்னரே அடுத்ததைத் தொடவும். முகத்தைத் தள்ளியே வைத்திருங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் உள்ள துண்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். விசிறி அருகிலேயே சுழல்கிறது.

டீசல் வழியில் கோளாறு

நான் பார்த்த அளவில் திக்கல்களில் பெரும்பகுதி இவ்வகையே. செலவும் இதற்குத்தான் மிகக் குறைவு. எனவே தொட்டியில் தொடங்குங்கள். டீசல் தொட்டி மூடியில் காற்று புக ஒரு சிறு துளை உண்டு. புழுதியில் அது அடைத்துக்கொண்டால் என்ஜின் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு இளைக்கும். அப்போது மூடியைத் திறந்தால் உஸ்ஸென்ற சத்தத்தோடு காற்று உள்ளே போய், என்ஜின் சரியாகிவிடும். ஓர் ஊசியால் தீரும் இந்தக் குற்றத்துக்காகப் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

அடுத்து நீர். பாதித் தொட்டியோடு இரவில் நிறுத்தப்படும் டிராக்டரில், உள்ளேயுள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகித் தொட்டியின் அடியில் தங்கும். மாலையிலேயே தொட்டியை நிரப்பி வைத்தால் இது வராது. பீப்பாயில் டீசல் வாங்கி வைப்போர் ஒரு நாள் அசையாமல் தெளிய விட்டு, அடி வண்டலைக் கலக்காமல் மேலாக எடுக்க வேண்டும். பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். நீர் இருந்தால் டீசலுக்கு அடியில் தனியாகத் தெரியும்.

பிறகு காற்று. தொட்டிக்கும் கைப்பம்புக்கும் இடையிலான குழாயில் வெடிப்போ, நைந்த வாஷரோ இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே இழுக்கப்படும். ஆகவே கசிவு இல்லை என்பதால் குழாய் நன்றாயிருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும்வரை விட்டு இறுக்கவும். அதன்பின் டீசல் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யவும். மறுநாளே மீண்டும் நுரை வந்தால், காற்று எடுப்பதை விட்டுவிட்டு அது புகும் வழியைத் தேடுங்கள்.

ஒரே சிலிண்டரில் கோளாறு

இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதன் இன்ஜெக்டரை முதல் சிலிண்டருக்கும், முதலாவதை இரண்டாவதுக்கும் மாற்றிப் பொருத்தவும். நொண்டல் முதல் சிலிண்டருக்கு இடம் பெயர்ந்தால் குற்றம் இன்ஜெக்டரில் உள்ளது; நாசிலைச் சோதித்தால் போதும். இரண்டிலேயே நின்றால் இன்ஜெக்டர் நல்லது. பம்பின் அந்தப் பகுதியிலோ, வால்விலோ, நெருக்கத்திலோதான் குறை. இந்தச் சோதனையின்போது வேறு எதையும் மாற்றக் கூடாது. இரண்டு மாற்றம் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். வயலில் உரச் சோதனைக்கும் இதே விதிதான்.

இன்ஜெக்டரின் அடியில் ஒரு செப்பு வாஷர் இருக்கும். பழையது குழியிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. அதை எடுக்காமல் புதிதைப் போட்டால் நாசிலின் நுனி உயர்ந்து, டீசல் சரியான இடத்தில் தூவப்படாது. நல்ல இன்ஜெக்டரும் கெட்டது போல் நடிக்கும்.

டாப்பெட் இடைவெளியை உங்கள் டிராக்டரின் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கே வைக்கவும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதும் மூடாது. நெருக்கம் கசியும், வால்வும் கருகும். நெருக்கத்தை மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்ப்பார். நீங்களாகவே அறிய, ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது நீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

புகையின் நிறமும் துணை செய்யும். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகை. முதலில் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள். நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. டீசல் வாடையுள்ள வெள்ளைப் புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதைக் காட்டும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆகவே நொண்டும் என்ஜினை வைத்து 'இந்த உழவை மட்டும் முடித்துக்கொள்வோம்' என்று ஓட்டுவது, கதிர் அறுக்க வயலை எரித்தது போலாகும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் கூடி, டீசல் வாடை அடித்தால் அன்றே என்ஜினை நிறுத்துங்கள். திக்கலை மறைப்பதற்காக ஐடில் திருகைத் திருப்பி வேகத்தைக் கூட்டி வைக்கும் பழக்கமும் ஆகாது. சத்தம் அடங்கும், சேதம் தொடரும்.

இன்ஜெக்டரை வெளியே எடுத்துத் தூவும் விதத்தைக் கையால் சோதிப்பது சில ஊர்களில் வழக்கத்தில் உள்ளது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய டிராக்டர்களிலும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோவுக்குக் குறையாது. பலவற்றில் 200ஐத் தாண்டும். அந்த ஊசித் தாரை தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். காயம் முள் குத்தியது போல் சிறிதாயிருக்கும், முதலில் வலியும் இராது. ஆனால் சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுத்து, அதை வெட்டி எடுக்கும் நிலைகூட வரலாம். அப்படி நேர்ந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காத்திராமல், உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று, 'அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின் குறை பம்பில்தான் என்று முடிவானால், ஈய முத்திரையை நீங்களாக உடைக்காமல் பம்பு சோதனை இயந்திரம் உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த சிலிண்டர், புகை என்ன நிறம், சூடேறிய பின் நொண்டல் குறைகிறதா கூடுகிறதா, இன்ஜெக்டர் மாற்றிப் பார்த்ததில் கண்டது என்ன ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பிப் பொருத்திய பின் கால் மணி நேரம் சும்மா ஓட விட்டு, நட்டுகளைச் சுற்றி ஒரு காகிதத்தை நீட்டிக் கசிவு உண்டா என்று பார்த்த பிறகு கலப்பையைப் பூட்டுங்கள்.