பொது சுகாதாரத்தில் பிஎச்.டி.: சேருமுன் பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரின் பெயர் முக்கியம். அவரிடம் முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். காசநோயில் ஆர்வமுள்ளவர் தொற்றா நோய்களிலேயே ஊறியவரிடம் சேர்ந்தால், ஆய்வுத் தலைப்பு யாருடையதாக மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள், நெறியாளர் பக்கத்தில் இல்லாதபோது!

யுஜிசியின் 2022 விதிகளின்படி, பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வுபெற 3 ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. எனவே இடம் காலியா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

புள்ளிவிவரமும் நோய்ப்பரவல் கணக்கும் பிடிக்குமா? சென்னையில் ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. நோயைச் சமூகம், அரசியல் வழியாகப் பார்க்க விரும்பினால் டெல்லி ஜேஎன்யுவின் சமூக மருத்துவ மையம் பொருந்தும். அமெரிக்கா செல்பவர்கள் கவனிக்க: அங்கே பிஎச்.டி. ஆராய்ச்சிக்கானது, டிஆர்பிஎச் (பொது சுகாதார முனைவர் பட்டம்) களப்பணி, நிர்வாகத் தலைமைக்கானது.

வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகப் படிக்கலாம். அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. அப்படி விளம்பரம் வந்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.