ஏட்டில் உள்ள இருப்பு

சங்கத்தின் ரிசர்வ் நிதி எவ்வளவு என்று அங்கத்தினர் பலர் கேட்பதுண்டு. அதில் இன்றே எடுக்கத்தக்கது எவ்வளவு என்று கேட்பவர் அரியர். நாடுகளின் கணக்கிலும் இவ்வினா முதன்மையானது என்பதற்கு இலங்கையே சான்று.

2019 டிசம்பரில் அந்நாடு மதிப்புக் கூட்டு வரியை நூற்றுக்கு 15லிருந்து 8 ஆகக் குறைத்தது. அடுத்து வந்த கொள்ளைநோய் சுற்றுலா வருவாயை அழித்தது. 2021 இறுதியில் அந்நியச் செலாவணி இருப்பு ஏறக்குறைய 310 கோடி டாலர் எனக் காட்டப்பட்டது. அதில் சுமார் பாதி, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் வந்த தொகை. நிபந்தனை காரணமாக அதைத் தொட இயலவில்லை. அந்நிலையிலும் 2022 ஜனவரியில் முதிர்ந்த கடன்பத்திரத்துக்கு 50 கோடி டாலர் முழுமையாகச் செலுத்தப்பட்டது. கடனை அடைப்பது நற்பண்பே. ஆயினும் மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய தொகையை ஒதுக்கிவிட்டு, கடன் கொடுத்தோரிடம் அப்போதே தவணை பேசியிருத்தல் நலம் என்று கருதுகிறோம். மூன்று மாதத்துக்குள், ஏப்ரல் 12ஆம் நாள், வெளிக்கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன.

எரிபொருளுக்கு வாகனவாரியான வாரப் பங்கு அவ்வாண்டு ஆகஸ்டில்தான் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. முதலில் மோட்டார் சைக்கிளுக்கு 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர். நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் சுருங்கின. தறிக் கணக்கில் நூல் பங்கிடும் நெசவாளருக்கு இது வியப்பன்று.

வரும் பொதுக்கூட்டத்தில் ஐந்தொகை படிக்கப்படும்போது, ரிசர்வ் நிதியில் வங்கியில் இருப்பது எவ்வளவு, கட்டடத்திலும் விற்காத ஜவுளியிலும் முடங்கியது எவ்வளவு என்று தனித்தனியே கேளுங்கள்.