சபுராளிக்கு இரண்டு எண்கள்
(வர்த்தகர்களுக்கு ஒரு பாடம்)

பிழைப்பை நாடிக் கடல் கடந்து செல்பவரைச் ‘சபுராளி’ என்று அழைப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கம். சபுராளிக்கும் அவர் வீட்டாருக்கும் இடையே செய்தி போய்வரும் வழி காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. 1870-71ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டார்கள். ஆயினும் தந்தியின் செலவு பெரிது. ஆதலால் நம்மவரில் பெரும்பாலோர் கப்பலில் வரும் கடிதத்தையே நம்பியிருந்தனர். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானதோடு அந்தக் கப்பல் வழியும் நின்றது. இப்பொழுது ‘பே ஆஃப் பெங்கால் கேட்வே’ என்னும் கடலடிக் கம்பி சென்னையையும் பினாங்கையும் மீண்டும் இணைக்கிறது. நாகூரில் இருப்பவரும் சூலியா தெருவில் இருப்பவரும் முகம் பார்த்துப் பேசிக் கொள்கிறார்கள்.

வசதி பெருகியதோடு, முன்னோர் அறியாத ஒரு பொறுப்பும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அக்காலத்தில் ஒரு கடிதம் தவறினால் ஒரு செய்திதான் தவறிற்று. இக்காலத்தில் ஒரு தொலைபேசி எண் கைநழுவினால் வங்கிக் கணக்குக்கே ஆபத்து நேரலாம். ஆகவே அயல்நாட்டில் சில மாதங்கள் தங்கியிருப்போர் கைத்தொலைபேசிச் சேவையைப் பெறுவது எப்படி, அதைக் காப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறோம். பினாங்குக்கு வருவோரும், அவர்களை வரவழைத்துக் கடையில் வைத்திருப்போரும் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

எண்ணின் மதிப்பு

முன்னாளில் வியாபாரியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்ததோ, இன்று அவர் தொலைபேசி எண்ணுக்கும் ஏறக்குறைய அதே மதிப்பு உண்டு. வங்கியிலிருந்து பணம் அனுப்பும்போது ‘ஓ.டி.பி.’ என்னும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்கே வருகிறது. வாட்ஸ்அப் கணக்கு அந்த எண்ணிலேயே இயங்குகிறது. சரக்கு அனுப்புவோர், வாங்குவோர், உறவினர் யாவரும் நம்மை அந்த எண்ணால் அறிகிறார்கள். எண் யார் கையில் இருக்கிறதோ அவர் நம் பெயரால் பேசலாம், நம் பெயரால் பணமும் கேட்கலாம்.

அயல்நாட்டில் தங்குபவருக்கு இப்படிப்பட்ட எண்கள் இரண்டு ஆகின்றன. ஒன்று ஊர் எண், மற்றொன்று இங்கே பெறும் எண். ஊர் எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இங்கே பெறும் எண்ணைத் தம் சொந்தப் பெயரிலேயே பெற வேண்டும். நமது பாடத்தின் சாரம் இவ்வளவே. மற்றவை இதன் விளக்கங்கள்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, ஊர் எண்ணுக்குச் சர்வதேச ரோமிங் வசதியைத் திறந்து வைக்க வேண்டும். ரோமிங் என்பது, நம் ஊர் சிம் அட்டை அயல்நாட்டுக் கம்பெனியின் கோபுரத்தின் வழியாக வேலை செய்வதாகும். இதில் பேசுவதற்கும் இணையம் பார்ப்பதற்கும் கட்டணம் மிக அதிகம். ஆகவே விமானம் ஏறுமுன் கருவியில் ‘டேட்டா ரோமிங்’கை நிறுத்திவிடுவது அவசியம். நிறுத்தாவிட்டால், பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் பெட்டிக்காக நிற்கும் நேரத்துக்குள் கருவி தானாகவே இணையத்தில் புகுந்து பணத்தைத் தின்றுவிடும். குறுஞ்செய்தி மட்டும் வந்தால் போதும் என்பவர், தனித் திட்டம் வாங்காமலே வங்கிச் செய்தி வருமா என்பதைத் தம் கம்பெனியிடம் முன்னதாகக் கேட்டுத் தெளிந்து கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஊர் எண்ணின் கெடு தேதியைக் குறித்து வைக்க வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013ஆம் ஆண்டு வகுத்த விதிப்படி, உபயோகம் இல்லை என்ற காரணத்துக்காக ஓர் எண்ணை 90 நாட்களுக்கு முன் நீக்கலாகாது. கணக்கில் 20 ரூபாயேனும் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிக்கலாம். இதை நம்பிச் சும்மா இருந்துவிடக் கூடாது. எண்ணை நீக்குவது வேறு, திட்டத்தின் கெடு முடிந்து சேவை நின்றுபோவது வேறு. சேவை நின்றுவிட்டால் எண் நம்முடையதாக இருந்தும் ஓ.டி.பி. வராமற் போகலாம். 2024 டிசம்பரில் அதே ஆணையம், இணையம் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் கம்பெனிகள் தர வேண்டும் என்றும், இத்தகைய திட்டங்களுக்கு 365 நாட்கள் வரை கெடு வைக்கலாம் என்றும் விதித்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ தங்க வருபவருக்கு இத்தகைய நீண்ட கெடுவுள்ள திட்டமே ஏற்றது.

நீக்கப்பட்ட எண் சிறிது காலத்துக்குப் பின் வேறொருவருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை நம்மவரில் பலர் அறிவதில்லை. அந்தப் புதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் நமது வங்கிச் செய்தி அவர் கைக்குப் போவது நல்லதன்று.

மூன்றாவது, கருவி எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஒரு கம்பெனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்ட கருவியில் வேறு சிம் வேலை செய்யாது. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியோடு மூடப்பட்டது. ஆதலால் 4ஜி இல்லாத பழைய கருவியைக் கொண்டு வருவதில் பயனில்லை. இரண்டு சிம் போடக்கூடிய கருவியோ, ஒரு சிம்மும் ஓர் இ-சிம்மும் ஏற்கும் கருவியோ இருந்தால் இரண்டு எண்களையும் ஒன்றிலேயே வைத்துக்கொள்ளலாம்.

பினாங்கில் வந்து இறங்கியதும்

மலேசியாவில் கைத்தொலைபேசிச் சேவை தரும் பெரிய கம்பெனிகள் மாக்சிஸ், 2022ஆம் ஆண்டு இரண்டு கம்பெனிகள் ஒன்றாகி உருவான செல்காம்டிஜி, யூ மொபைல் ஆகியவை. இவற்றின் கோபுரங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு கம்பெனிகளும் உள்ளன. ஜார்ஜ் டவுனில் கொம்தார் சுற்றுவட்டாரத்திலும், லிட்டில் இந்தியாவிலும் சிம் விற்கும் கடைகள் உண்டு.

சேவை இரு வகைப்படும். முன்பணம் போட்டுப் பேசுவது ஒன்று. மாதம் முடிந்ததும் கட்டணச் சீட்டுப் பெற்றுச் செலுத்துவது மற்றொன்று. பின்னதற்கு அயல்நாட்டவரிடம் பொதுவாக வேலை அனுமதியும் வைப்புப் பணமும் கேட்பார்கள். குறுகிய காலம் தங்குவோருக்கு முன்பண முறையே சௌகரியம். வாங்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: கெடு எத்தனை நாள்? இந்தியாவுக்குப் பேச நிமிடத்துக்கு என்ன கட்டணம்? கெடு முடிந்தபின் எண் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? சரக்கு வாங்கும்போது விலை, எடை, தவணை மூன்றையும் கேட்கும் நாம், சிம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒரு கம்பெனி பிடிக்காவிட்டால் எண்ணை விடாமலே வேறு கம்பெனிக்கு மாறும் வசதி மலேசியாவில் 2008ஆம் ஆண்டிலிருந்து உண்டு. வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துப் பழகிய எண்ணை இழக்க வேண்டியதில்லை.

யார் பெயரில் சிம்?

நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுவே. முன்பண சிம் வாங்குபவர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மலேசியாவில் 2006ஆம் ஆண்டு முதலே கட்டாயமாகிவிட்டது. அயல்நாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு, முதலாளி தம் அடையாளக் கார்டில் ஒரு சிம் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். “கடைக்குப் போக நேரமில்லை, இதை வைத்துக்கொள் தம்பி” என்கிறார். அன்பினால் செய்வதுதான். ஆயினும் அதன் விளைவை இரு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாளியின் பக்கம் பார்ப்போம். அந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் ஊருக்குத் திரும்புகிறான். சிம்மை அறைத் தோழனிடம் விட்டுச் செல்கிறான். தோழன் அதை மற்றொருவருக்குக் கொடுக்கிறான். நாலாவது கையில் அந்த எண் ஒரு மோசடிக்குப் பயன்படுமானால், ஏட்டில் இருப்பது முதலாளியின் பெயர். விசாரணைக்கு வருபவர்கள் நாலாவது ஆளைத் தேடி வரமாட்டார்கள், கடை வாசலுக்கே வருவார்கள். பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நாணயத்தை ஒரு சிறு அட்டைக்காகப் பணயம் வைப்பது வியாபார புத்தியாகாது.

பிள்ளையின் பக்கமும் நட்டம் உண்டு. சிம் தொலைந்தால், அதே எண்ணில் புதிய அட்டை பெறும் உரிமை பதிவில் உள்ள பெயருக்கே உண்டு. முதலாளியோடு மனவருத்தம் ஏற்பட்டுப் பிரிந்தால், அந்த எண்ணில் கட்டிய பணப்பை, நண்பர் தொடர்பு யாவும் அவன் கையை விட்டுப் போகும். ஆகவே அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பிள்ளையைப் பாஸ்போர்ட்டுடன் கடைக்கு அழைத்துச் சென்று, அவன் பெயரிலேயே சிம் வாங்கிக் கொடுப்பதே மெய்யான உதவி.

இந்தியாவிலும் சட்டம் கடுமையாகியிருக்கிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவது மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். ஊரில் மற்றவர் பெயரில் எடுத்த எண்ணை வைத்திருப்போர் புறப்படுமுன் அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது நலம்.

எண்ணை எழுதும் முறை

சிறிய விஷயம்தான், ஆனால் பல அழைப்புகள் இதனால் தவறுகின்றன. மலேசியாவின் நாட்டு எண் 60, இந்தியாவுடையது 91. பினாங்குக் கடைத் தொலைபேசி 04 என்று தொடங்கும். ஊரிலிருந்து அழைப்பவர் முன்னுள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு 60-4 என்று அழைக்க வேண்டும். 012 என்று தொடங்கும் கைத்தொலைபேசி 60-12 ஆகும். எல்லா எண்களையும் கூட்டல் குறியும் நாட்டு எண்ணும் சேர்த்தே பதிவு செய்து வைத்தால் எந்த நாட்டில் இருந்தாலும் மாற்ற வேண்டியதில்லை. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. இங்கே காலை 9 மணிக்குக் கடை திறந்ததும் அழைத்தால் ஊரில் 6.30 மணி. வயதான தாய் தந்தையரை அழைக்கும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

இங்கிருந்து வேறு நாடு செல்வோருக்கு

ஒவ்வொரு நாட்டு வழக்கமும் ஒவ்வொரு விதம். மேடானுக்குப் போய் நீண்ட நாள் தங்குவோர் ஒன்றை அறிய வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிவு செய்யும் முறையை இந்தோனேசியா 2020ஆம் ஆண்டு கொண்டுவந்தது. பதியாத கருவியில் அந்நாட்டு சிம் தொடர்ந்து வேலை செய்யாது. *#06# என்று அழுத்தினால் அந்த எண் திரையில் தெரியும். சவூதி அரேபியாவில் 2016 முதல் சிம் வாங்கக் கைரேகை கொடுக்க வேண்டும். துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச இயலாது. சரக்கு வாங்கச் சீனாவுக்குச் செல்வோர் அந்நாட்டு சிம்மில் வாட்ஸ்அப்பைக் காணமாட்டார்கள். மலேசிய சிம்மை ரோமிங்கில் வைத்துச் சென்றால் அது கிடைக்கும்.

ஊர் திரும்பும்போது

கடைக் கணக்கை முடித்துச் செல்வதுபோல் எண்ணின் கணக்கையும் முடித்துச் செல்ல வேண்டும். மலேசிய எண்ணில் டச் அன் கோ பணப்பை இருந்தால் மீதியை எடுத்துக் கணக்கை மூட வேண்டும். டூயிட்நவ் சேவையில் அந்த எண்ணை வங்கிக் கணக்கோடு இணைத்திருந்தால் இணைப்பை நீக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எண் மாற்றும் வசதியைக் கொண்டு ஊர் எண்ணுக்கு மாறிக்கொள்ள வேண்டும். சிம்மை யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்கலாகாது. நம் பெயர் எழுதிய காசோலையை யாருக்கேனும் கொடுத்துச் செல்வோமா?

இவ்வளவு கவனித்தும் யாரேனும் ஏமாற்றப்பட்டால், வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மலேசியாவில் 2022ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் 997. இந்தியாவில் இணைய மோசடிகளுக்கு 1930. பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வேண்டுமானால் நேரமே முக்கியம். உடனே அழைக்க வேண்டும். அதன்பின் வங்கிக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நம் முன்னோர் முகம் தெரியாதவரிடமும் வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கை ஒப்படைத்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தது அவர்களுடைய பெயர். இன்று நம் பெயர் ஒரு சிறு எண்ணுக்குள் அடங்கியிருக்கிறது. அதை ஓர் அமானத்தாகக் கருதிக் காத்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து இங்கே வரவிருக்கும் உங்கள் மைத்துனருக்கோ தம்பிக்கோ மருமகனுக்கோ, அவர் புறப்படுமுன்னரே இவ்விஷயங்களை எடுத்துச் சொல்லும்படி நமது வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.