துருவும் தமனியும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு நம் நினைவுக்கு வரும். இரும்புப் பூட்டு ஈரக்காற்றில் கிடந்தால் துருப்பிடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பைப் பற்றுவதே துருவுக்குக் காரணம். துருவைத் தடுக்கப் பூட்டுக்கு எண்ணெய் இடுவர். அந்த எண்ணெயும் நெடுநாள் இருந்தால் ஆக்சிஜன் பற்றிக் காறிவிடும்.

நம் உடலிலும் இதனை ஒத்த மாறுதல் நிகழ்கின்றது. இரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். என்னும் துகள்கள் தமனியின் சுவரில் தங்கி, ஆக்சிஜனால் கெடுகின்றன. வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி அங்கேயே தேங்குகின்றன. நாளடைவில் சுவர் தடித்து, குழாய் குறுகுகின்றது. இதயத் தமனியில் இவ்வாறு நேரின் மாரடைப்பு வரலாம். டேனியல் ஸ்டைன்பர்க், சம்பத் பார்த்தசாரதி முதலிய அறிஞர்கள் 1989-இல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர்.

கெடுதலைத் தடுத்தால் நோயையும் தடுக்கலாம் அன்றோ? ரப்பரைக் கெடாமல் காக்கும் பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது புரோபுகால் என்னும் செயற்கை மருந்து. பிறவியிலேயே கொலஸ்டிரால் மிகுந்த முயல்களுக்கு ஜப்பானிய அறிஞர்கள் அதனைக் கொடுத்தனர். தமனித் தடிப்புக் குறைந்தது என 1987-இல் அறிவித்தனர். ஆனால், மனிதரிடம் அது நன்மை தரும் கொலஸ்டிராலையும் குறைத்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கையும் பாதிக்கக்கூடியதாயிற்று. 1995-இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது.

அதனைத் திருத்தி ஆக்கிய சக்சினோபுகால் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. முதன்மையாக எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்பது 2007-இல் வெளியாயிற்று.

முயலுக்கு உதவியது மனிதனுக்கும் உதவும் என்று சோதியாமல் துணியலாகாது. ஆசையைச் சான்றுக்கு அடங்கச் செய்வதே அறிவியல். புகையை விலக்குதல், அளவறிந்து உண்ணுதல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை சான்று பெற்ற காப்புகள். அவற்றை இன்றே கைக்கொள்வோமாக.