கோபத்தின் நேரத்தில் ஒரு நல்ல வார்த்தை

வாசிக்க: நீதிமொழிகள் 15, யாக்கோபு 3



களனி கங்கை கடலோடு சேரும் இடம் கொழும்பு முகத்துவாரம். அங்கிருந்து துறைமுகப் பக்கமாக வந்தால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தாரும் அங்கே வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். நேர்த்திக்கடனுக்காக அங்கே போய் வந்தவர்கள் நம் லயங்களிலும் உண்டு.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில் அந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. அதே நாள் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள், கொழும்பில் ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. இறந்தவர்கள் 250க்கு மேல்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கோபம் வராதா? வரும். ஆனால் அந்தக் கோபம் யார் மேல் பாயப் போகிறது என்பதுதான் கேள்வி. மே 5ஆம் திகதி நீர்கொழும்பில் கைகலப்பு மூண்டது. அப்போது கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம்களும் நம் சகோதரர்களே, அவர்களில் ஒருவரைக்கூட நோகச் செய்யாதீர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கேட்டுக்கொண்டார். ஒரு வாரத்தில் வேறு ஊர்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன என்பதும் உண்மை. ஒரு சொல் எல்லாத் தீயையும் அணைத்துவிடாது. ஆனால் தன் சனத்தை இழந்தவரே "வேண்டாம்" என்று சொல்லும்போது, பழிவாங்கப் போகிறவனுக்குச் சாக்கு இல்லாமல் போகிறது.

இதில் நாம் படிக்க வேண்டியவை:

1. நாக்கு சின்னது, நெருப்பு பெரிது. யாக்கோபு சொல்வது இதுதான். மலையில் மானாப்புல் பற்றினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீலிக்கரையில் குடத்துக்காகத் தொடங்கும் சண்டை ராத்திரி லயத்தில் கத்தியாக முடிகிறது. "அக்கா, நீங்க மொதல்ல புடிங்க" என்ற ஒரு பேச்சுக்கு என்ன செலவு?

2. இனிய பேச்சு என்றால் வாய் மூடி இருப்பதல்ல. கர்தினால் பழிவாங்க வேண்டாம் என்றார். நியாயம் கேட்பதை விடவில்லை. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு அதிகாரிகளும் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது. நமக்கும் அப்படித்தான். கொழுந்து நிறுவையில் கிலோ குறைந்தால், அரைப்பேர் போட்டால், கட்டாயம் கேளுங்கள். தூசணம் இல்லாமல் கேளுங்கள். தூசணம் வந்ததும் கணக்கை மறந்து உங்கள் வாயைத்தான் எல்லோரும் பேசுவார்கள்.

3. வீட்டில்தான் முதல் பாடம். "நீ உருப்பட மாட்ட" என்று தினம் கேட்கும் பிள்ளை அதையே நம்பிவிடும். மலையிலிருந்து களைத்து வரும் மனைவிக்கு முதலில் ஒரு கோப்பை தேத்தண்ணி, பிறகு பேச்சு.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. திருவள்ளுவரும் 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் பகைவரையும் நேசிக்கச் சொன்ன இயேசுவின் பெயரைச் சொல்லுகிற நமக்கு இதில் தப்பிக்க வழியே இல்லை.

குடும்பமாகப் பேச:
• இந்த வாரம் யாருடைய பேச்சு நம் வீட்டில் ஒருவரை நோகடித்தது?
• பேசாமல் இருக்கும் பக்கத்துக் காம்பிராவுக்கு முதல் வார்த்தை யார் சொல்வது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால், நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள்.