இரண்டு அங்குலத் தண்ணீர்



ஆண்டு மலர் என்றால் கவிதை, துணுக்கு, கிரிக்கெட் என்று எழுதுவதுதான் வழக்கம். "நான் கக்கூஸ் பற்றி எழுதப் போகிறேன்" என்றதும் வகுப்பே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். சிவில் பிரிவு மாணவர்களுக்கு இது பாடம். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் வீடு இருக்கிறது, வீட்டில் பாத்ரூம் இருக்கிறது. ஆகவே இது எல்லோருக்குமான கட்டுரைதான்!

கப்பை எடுத்தால் கப்பு வரும்

எங்கள் வீடு சாத்தாங்காட்டில், இரும்பு மார்க்கெட் பக்கம். மணலிக் காற்று அடித்தால் ஒரு வாசனை, கடல் காற்று அடித்தால் கருவாட்டு வாசனை. அதனால் பாத்ரூமில் நாற்றம் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நம்ம ஏரியாவுல நாத்தம் என்ன புதுசா?" என்று சொல்லிவிட்டு, அம்மா பினாயில் ஊற்றுவார், சாம்பிராணி போடுவார். ஒரு நாள் குறையும், மறுநாள் திரும்ப வரும்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்குக் கீழே நஹானி ட்ராப் இருக்கும். எங்கள் வீட்டு ட்ராப்பின் உள்ளே கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு கப் இருந்தது. அதில் முடி சிக்கி அடிக்கடி அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க வந்தவர், "தம்பி, இந்தக் கப்புதான் முடியைப் புடிச்சு வெச்சுக்குது. எடுத்துட்டா அடைப்பே வராது" என்று சொல்லி, அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். நாங்களும் சந்தோஷமாகக் காசு கொடுத்தோம். அடைப்பு போனது உண்மை. ஆனால் கப்பு போனதும் 'கப்பு' அடிக்க ஆரம்பித்துவிட்டது!

இதை வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன், ஒரு செய்தியைப் படிக்கும் வரை.

புதுச்சேரியில் நடந்தது

2024 ஜூன் 11 அன்று, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையில் உண்டான விஷவாயு கழிப்பறைகள் வழியாக வீடுகளுக்குள் வந்தது. கழிப்பறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க ஓடிய மகளும் விழுந்தார். அதே பகுதியில் 15 வயது மாணவி ஒருத்தியும் வாயு தாக்கி விழுந்தாள். மூன்று பேரும் இறந்துபோனார்கள். சாக்கடைக்குள் இறங்கியவர்கள் இல்லை, சொந்த வீட்டில் இருந்தவர்கள். அந்த மாணவி நம்மைவிட இரண்டு மூன்று வயது சின்னவள்.

அன்று இரவு நான் பாடப் புத்தகத்தை எடுத்து 'ட்ராப்' என்ற பகுதியை மறுபடி படித்தேன். இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்த அதே பகுதிதான். இந்தத் தடவை வேறு மாதிரி படித்தேன்.

ட்ராப் என்பது என்ன?

குழாயை வளைத்து, அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்வதுதான் ட்ராப். கழிவுநீர் வெளியே போகலாம், ஆனால் வாயு உள்ளே வர முடியாது. நிற்கிற தண்ணீர் கதவாக இருந்து தடுக்கும். இதற்கு நீர் மூடி என்று பெயர். 1775-ல் லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர், 'எஸ்' வடிவ வளைவு வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் நம் வீட்டு இந்தியன் கிளாசெட், வெஸ்டர்ன் கிளாசெட் இரண்டிலும் அந்த வளைவுதான் காவல் நிற்கிறது.

நீர் மூடியின் ஆழம் குறைந்தது 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதாவது இரண்டு அங்குலம். காற்று மண்டலத்தின் அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். நம் காவலாளியோ 50 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் அதில் ஏறக்குறைய 200-ல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய அழுத்த மாறுதலே இந்தக் கதவைத் திறந்துவிடும். வென்ட் பைப் ஏன் என்பதற்கான பதில் இதில்தான் இருக்கிறது.

காவலாளி எப்படி ஓடிப்போகிறான்?

முதலாவது, உறிஞ்சல். மூன்றாவது மாடியில் ஒருவர் ஃப்ளஷ் செய்கிறார். தண்ணீர் ஒரு கட்டியாகக் குழாயில் இறங்கும்போது அதற்குப் பின்னால் காற்று குறைகிறது. அந்த வெற்றிடம், வழியில் உள்ள ட்ராப்களின் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, எதிர் அழுத்தம். இறங்கும் தண்ணீர் தனக்கு முன்னால் உள்ள காற்றை நெருக்குகிறது. தரைத்தளத்துக் கிளாசெட்டில் 'குபுக் குபுக்' என்று குமிழி வருவது இதனால்தான். மழைக்காலத்தில் தெருச் சாக்கடை நிரம்பினாலும் இதே கதைதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் வீட்டு ஜாலி வழியாக முதலில் காற்று வந்தது, பிறகு சாக்கடைத் தண்ணீரே வந்தது. தாழ்வான தரைத்தள வீடுகளுக்கு ஒருவழி வால்வு தேவை என்று அன்றுதான் புரிந்துகொண்டேன்.

மூன்றாவது, ஆவியாதல். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டி வைத்தால், வரும்போது நாற்றம் அடிக்கும் அல்லவா? ட்ராப் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இது சாதாரண விஷயம் இல்லை. 2003 மார்ச்சில் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவி, 300-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 42 பேர் இறந்தார்கள். விசாரணையில் குழாய்களைத்தான் சந்தேகித்தார்கள். பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துடைத்து மட்டும் வந்ததால் தரை ட்ராப்கள் காய்ந்து கிடந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டபோது சாக்கடைக் காற்று கிருமியோடு உள்ளே வந்திருக்கும் என்றார்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்!

நான்காவது, மனிதன். கப்பைக் கழற்றுவது, ட்ராப்பே வைக்காமல் குழாயை நேராகச் சேர்ப்பது, கொசு வருகிறது என்று வென்ட் பைப்பின் வாயை சிமென்ட் வைத்து அடைப்பது. கொசுவுக்கு நைலான் வலை கட்டினால் போதும், காற்றை அடைக்கக் கூடாது. முதல் மூன்றும் இயற்கை. இந்த நான்காவது நம் தொழில்காரர்கள் செய்கிற தவறு.

வாட்டம் இல்லாத ஊர்

ட்ராப் நன்றாக இருந்தாலும் வெளிக் குழாயில் வாட்டம் இல்லையென்றால் கழிவு தேங்கி அழுகும், அங்கேயே வாயு உண்டாகும். பழைய மேஸ்திரிகள் கைக்கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். 4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1, 6 அங்குலத்துக்கு 60-க்கு 1, 9 அங்குலத்துக்கு 90-க்கு 1. பின்கட்டிலிருந்து தெரு வரை 40 அடி என்றால், 4 அங்குலக் குழாய் ஒரு அடி இறங்கியாக வேண்டும். எங்கள் பகுதி கடலோரச் சமவெளி. வீடு பள்ளத்தில், ரோடு மேட்டில். அந்த ஒரு அடி எங்கே கிடைக்கும்? அதனால்தான் பேஸ்மென்ட் மட்டம் போடும் முன்பே, தெரு மேன்ஹோலின் அடிமட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். வீடு கட்டி முடித்தபின் ப்ளம்பரைத் திட்டிப் பயனில்லை.

மூக்கை நம்பாதே!

அழுகும் கழிவில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். "நாத்தம் நின்னுடுச்சுப்பா" என்று நினைக்கும் நேரம்தான் பெரிய ஆபத்து. 500-க்கு மேல் மயக்கம், 1000 அளவில் ஓரிரு மூச்சே போதும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தில் தங்கும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் விழுவது இதனால்தான். புதுச்சேரியில் அந்த மகளுக்கு நடந்ததும் இதுவே.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டில் நமக்கும் வாயுவுக்கும் நடுவில் இரண்டு அங்குலத் தண்ணீராவது இருக்கிறது. மேன்ஹோலிலும் செப்டிக் டேங்க்கிலும் இறங்கும் தொழிலாளிக்கு அதுகூட இல்லை. பாதுகாப்பு இல்லாமல் மனிதனை இறக்கி வேலை வாங்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாளைக்கு நாம் சைட் சூப்பர்வைசர் ஆவோம். "கொஞ்சம் இறங்கிப் பார்த்துடுப்பா" என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரக்கூடாது. அடைப்பு எடுக்க மெஷின் இருக்கிறது. ஆள் இறங்கத் தேவையில்லாதபடி, திருப்பம்தோறும் சேம்பர் வைத்துக் கட்டுவது நம் கையில் இருக்கிறது.

இன்றே செய்யுங்கள்

வீட்டுக்குப் போனதும் ஜாலியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் மினுங்கினால் காவலாளி வேலையில் இருக்கிறான். தண்ணீர் இல்லையென்றால் ஒரு குவளை ஊற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் அங்கே ட்ராப் இல்லை, உடனே ஆளைக் கூப்பிடுங்கள். தீக்குச்சி மட்டும் கொளுத்தாதீர்கள். சாக்கடை வாயுவில் தீப்பற்றும் மீத்தேனும் இருக்கும். பயன்படுத்தாத பாத்ரூமில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்.

எங்கள் வீட்டில் தரையை உடைத்து, 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் புது ட்ராப் வைத்தோம். மேலே முடி பிடிக்க ஒரு சின்ன வலை போட்டோம். இப்போது பினாயில் செலவு மிச்சம். "படிச்ச படிப்பு வீட்டுக்கு உதவுச்சுடா" என்றார் அம்மா. எந்தத் தேர்விலும் எனக்கு இவ்வளவு பெரிய மார்க் கிடைத்ததில்லை!